பீர்மேட்டு இறக்கத்தில் ஒரு மரக்கிளை

என் கோழிக் கிறுக்கலையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்போடு நின்றவன் நான்.

பீர்மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்குகிறேன். சமவெளிப் பழக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்ததில் ரப்பர் கட்டைகள் தேய்ந்துவிட்டன. சைக்கிள் நிற்க மாட்டேன் என்கிறது. தேயிலைச் செடிகளில் முட்டி நிறுத்துகிறேன். சாலை கீழே வளைந்து வளைந்து போகிறது.

விறகு பொறுக்கும் ஓர் அம்மா சிரிக்கிறார். "எந்த ஊருண்ணே?"

"பாலக்காட்டுப் பக்கமுங்க. தள்ளிட்டே போயர்றனுங்க."

"தள்ளுனா உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்."

நீளமான காய்ந்த கிளையொன்றைச் சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டுகிறார். "இது தரையில இழுபட்டா வண்டி மெதுவாப் போகும். மூணாவது வளைவுல எங்க லயம். அங்கன போட்டுட்டு, பக்கத்துக் கடையில பிரேக்குக் கட்டைய மாத்திக்கோங்க."

சைக்கிள் சாதுவாக இறங்குகிறது. கிளை தாரில் கோடு போடுவதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் முன் ஒருவர் கோடரியோடு நிற்கிறார்.

"எம் பொண்டாட்டிதான் கட்டிவிட்டாளா?" என்று கிளையைத் தட்டிப் பார்க்கிறார். "பரவாயில்ல, காஞ்சதா அனுப்பியிருக்கா. போன வாரம் வந்த சைக்கிள்காரரு பச்சை மரத்த இழுத்துட்டு வந்துட்டாருண்ணே!"

எழுதி முடித்தது, தை பன்னிரண்டு.