ஒட்டிப் போகிற காற்று

எண்ணெயையும் கரித்தூளையும் கிண்ணத்தில் குழைத்து, ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து ஊதிப் பார்க்கிறாள் மை அக்கா. ஓடினால் எண்ணெய் கூடுதல். உட்கார்ந்துகொண்டால் கரி கூடுதல். ஓடலாமா வேண்டாமா என்று யோசித்தால் சரியான பதம்! அதைக் கொண்டுபோய், ராட்சத விசிறி காற்றடிக்கும் சோதனைக் கூண்டுக்குள், விமான இறக்கையின் மாதிரி வடிவத்தின்மேல் புள்ளி புள்ளியாக வைப்பாள்.

விசிறி ஓடினால் புள்ளிகள் கோடுகளாக இழுபடும். பின்பக்கம் சாய்ந்த இறக்கையில் அந்தக் கோடுகள் லேசில் நேராக வராது. "மேல போற காத்து இருக்கானே, அவன் நேரா போயிடுவான். இறக்கைத் தோலை ஒட்டிட்டுப் போறவனுக்குத் தெம்பு கிடையாது. பக்கவாட்டுல நழுவி நுனியில போய்க் கும்பலா நின்னுப்பான்" என்பாள். கும்பல் சேர்ந்த இடத்தில் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். விமானம் ஒரு பக்கமாகக் கவிழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை வீட்டுக் குளியலறையில் வைத்துத் தொலைத்தாள். வீட்டுக்காரர் அதைத் தலைச்சாயம் என்று நினைத்து மண்டை முழுக்கப் பூசிக்கொண்டு வந்து நின்றார். வேறொருத்தியாக இருந்தால் ஐயோ என்று அலறியிருப்பாள். இவளோ, "அசையாதீங்க! அப்படியே ஃபேன் பக்கம் தலையைச் சாய்ங்க" என்றாள். "அடடா, வழுக்கையில நேராப் போகுது, காதுகிட்ட திரும்புது பாருங்க!" பாவம், மனிதர் அந்த வாரம் முழுவதும் தொப்பியோடுதான் வேலைக்குப் போனார்.

போன வாரம் புது இறக்கைக்குக் கடைசிச் சோதனை. அந்த இறக்கை பொருத்திய விமானத்தை முதன்முதலில் ஓட்டிப் பார்க்கப் போகிறவன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அவள் சரி என்றால் மறுநாளே ஏறிவிடுவான். விசிறி நின்றதும் கூண்டைத் திறந்தார்கள். நுனிக்குப் பக்கத்தில் கோடுகளெல்லாம் சரிந்து வந்து ஒன்றாக ஒட்டி, தடித்த கறுப்பு வரியாக நின்றன.

அக்கா எண்ணெய்மேல் பழியைப் போட்டாள். துடைத்துவிட்டு, புதிதாகக் குழைத்து வைத்து விசிறியை மறுபடி ஓட்டினாள். அதே வரி. "சனியனே, நகர மாட்டியா?" என்று இறக்கையைத் திட்டிவிட்டு இன்னொரு தடவை ஓட்டினாள். அது அசைந்துகொடுக்கவில்லை.

"கொஞ்சூண்டுதானே மேடம்? விமானம் மூக்கை ரொம்பத் தூக்கினாத்தானே வருது" என்று மேலாளர் குழைந்தார்.

தம்பி சிரித்தான். "நான் தூக்காம ஓட்டிக்கறேன்க்கா. தம்பிங்கற பாசத்துல நீ பயப்படுற. வேற எவனாவது ஏறினா இந்நேரம் சரின்னிருப்ப."

"பாசமா? என் எண்ணெய்க்கு நீ யாருன்னே தெரியாதுடா!"

சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்துவிட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்து, இறக்கையைத் திருப்பி அனுப்புவதற்காக, கூண்டுக்குள் அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். இரண்டாவது இளகியதும் இறக்கை ஒரு பக்கம் சரிந்தது. தம்பி சிரிப்பை விட்டுவிட்டு, குனிந்து மறுமுனையைத் தாங்கிக்கொண்டான்.