மந்திரிக் கல்லுக்கு ஒரு மனு

காலை ஆறு மணிக்குப் போடிநாயக்கனூரில் இறங்கினேன். குரங்கணி ஜீப்பு ஏழு மணிக்கு என்றார்கள். எட்டரைக்குத்தான் கிளம்பியது, அதுவும் இரண்டு அரிசி மூட்டைகளை என் கால்மேல் ஏற்றிய பிறகு.

மகாராஜா ஒருவரிடம் என்ஜினீயராகச் சேர்ந்து, ஏலமலைக்குப் பாதை வெட்டி, பிறகு அவருக்கே மந்திரியான ஒருவரின் வாழ்க்கையை இரண்டு வருஷமாக எழுதுகிறேன். பதவி வந்த பிறகு மனிதர் இந்த மலையைத் திரும்பிப் பார்த்தாரா என்பது மட்டும் தெரியவில்லை. மேலே அவர் நட்ட கல்லில் வருஷம் இருக்கிறதாம்; அது பதவிக்கு முன்னா பின்னா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

குரங்கணி வரை தார் ரோடு. அதற்கு மேல் இருப்பதை ரோடு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பக்கத்தில் இருந்த சிலமலைக்காரப் பேச்சியம்மா கம்பியை இறுகப் பிடித்தபடியே நான் வந்த காரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மேலே எஸ்டேட்டில் இருக்கும் மகளுக்கு எட்டு மாசமாம்.

"போன மழையில ஒருத்திய போர்வையில கட்டித் தூக்கியாந்தாக. பாதி வழியிலயே புள்ள பொறந்து, தங்கல" என்றார்.

பத்தரைக்குக் கல்லருகே யாரும் சொல்லாமலே டிரைவர் ஜீப்பை நிறுத்தினார். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கல் முழுக்க மஞ்சளும் எண்ணெயும் அப்பி, ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. அடியில் மடித்த காகிதங்கள். அவருக்கு மனுவாம்! மந்திரியாக இருந்தவர், கேட்பாராம். கைக்குட்டையால் துடைக்கப் போனேன்.

"கை வைக்காதீங்கண்ணே!" என்று டிரைவர் கத்தினார்.

"எழுத்தைப் படிக்கணும்ப்பா."

"படிக்கிறது அவரு சோலி. எழுதிக் குடுக்குறதுதான் நம்ம சோலி."

தலையில் அடித்துக்கொண்டேன். பேச்சியம்மா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"அவரப் பத்தி எழுதுறவுகளாமே. வெரசா ஒரு மனு எழுதுங்க அப்பு. எம்மக பிரசவத்துக்குள்ள ரோடு வேணும்."

கர்மம் என்றுதான் தொடங்கினேன். 'மாண்புமிகு மந்திரி அவர்களுக்கு, தாங்கள் வெட்டிய பாதையில் தங்களுக்குப் பிறகு ஒருவரும் ஒரு கூடை மண்கூடப் போடவில்லை' என்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. ராஜா காலத்து மனிதரிடம் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே! பேச்சியம்மா கைநாட்டு வைத்தார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

"இதையே உயிரோட இருக்கிற மந்திரிக்கும் ஒண்ணு எழுதிடுவோம்மா" என்றேன்.

மனுவைக் கல்லடியில் செருகிக்கொண்டே பேச்சியம்மா சொன்னார்: "அவுகளுக்குக் குடுத்து அலுத்துத்தான அப்பு, இவருகிட்ட வந்திருக்கேன்."