பி.எஃப். கேட்ட கல்யாணப் பத்திரிகை

போன வெள்ளிக்கிழமை ஆரணியில் ஒரு கல்யாணம். வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால், வயிற்றெரிச்சலோடுதான் வீடு திரும்பினேன்!

பெண்ணின் அப்பா ஏகாம்பரம் என் சிநேகிதர். பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில், நெசவாளிகளுக்கு நூலை எடை போட்டுக் கொடுக்கிற வேலை. மாதா மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள். மகள் கல்யாணம் என்றால் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று ரூல் இருக்கிறது. நல்ல ரூல்தான். அதை நம்பித்தான் பெண்ணுக்குச் சங்கிலி போடுவதாக நிச்சயதார்த்தத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது! என்னவென்று கேட்க, இரண்டு பேரும் பஸ் பிடித்து மெட்ராஸ் போனோம்.

ஆபீசில் இருந்தவர் கல்யாணப் பத்திரிகையை விரலால் தட்டினார். "அழைக்கிறவர் தேவராஜ்னு போட்டிருக்கு. 'எங்கள் குமாரத்தி'ன்னும் அவரே போட்டிருக்கார். நீங்க யாருங்க?"

"அவரு எங்க அண்ணன் சார். பெரியவரு இருக்க சொல்ல, எங்க ஊட்ல தம்பி பேர்ல பத்திரிகை அடிக்க மாட்டோம். கீழ பாருங்க, என் பேரும் இருக்குது."

ரேஷன் கார்டைக் காட்டினோம். பெண்ணின் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைக் காட்டினோம். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மனிதர் ஒன்று சொன்னார் பாருங்கள்...

"பொண்ணு உங்களுதுதான். கல்யாணம் நீங்க செய்யறதுன்னு எப்படி நம்புறது? உங்க பேர்ல பத்திரிகை கொண்டு வாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "அது எந்த ரூல்ல இருக்கு, காட்டுங்க" என்றேன். மேலதிகாரியைத்தான் கேட்க வேண்டுமாம். மேலதிகாரி லீவாம்!

ஊர் திரும்பி அண்ணனிடம் ஏகாம்பரம் விஷயத்தைச் சொன்னார். "ஆபீசுக்கு மட்டும் நாலு பத்திரிகை தனியா அடிச்சிடலாமே" என்று நான் யோசனை சொன்னேன். தேவராஜ் முறைத்தார்.

"நல்ல காரியத்துல பொய்ப் பத்திரிகையா? வேணாங்க. இன்னும் யாருக்கும் வைக்கல இல்ல? எல்லாத்தையும் அவன் பேர்லயே அடிச்சிடுங்க. ஜல்தியா ஆவட்டும்."

அடித்தார்கள். பணம் வந்தது. சங்கிலி வந்தது. ஊர் வாயும் சேர்ந்து வந்தது! அண்ணன் பெயர் மேலே இல்லாத பத்திரிகை என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான் - குடும்பம் உடைந்துவிட்டது.

"இன்னாங்க, பாகம் பிரிஞ்சிட்டீங்களா?" சேத்துப்பட்டிலிருந்து வந்த உறவுக்காரர்கள் மண்டப வாசலிலேயே கேட்டார்கள். கும்பிட்டு வரவேற்க நின்ற தேவராஜ், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, பி.எஃப். பணத்துக்காக..." என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பலருக்கு பி.எஃப். என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு மாதிரி சிரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

ஏன் ஐயா ஆபீசரே, அது ஏகாம்பரம் உழைத்த பணம்தானே? அதை அவரிடம் கொடுக்க, வீட்டில் யார் பெரியவர் என்பதையும் நீங்கள்தான் தீர்மானிப்பீர்களா?

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தேவராஜிடம் பொருமித் தீர்த்தேன்.

"வுடுங்க... பொண்ணு கழுத்துல சங்கிலி ஏறிடுச்சி இல்ல?" என்றார்.

அவர் விட்டுவிட்டார். நான் விடுவதாக இல்லை!