நாற்பத்தோராவது வினாடி

2024 ஒக்டோபர் 14, திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பது. தூறல். ஹந்தானை மலை இடுப்புக்கு மேல் தெரியவில்லை. கண்டியிலிருந்து திகன போகும் தனியார் பஸ்ஸில், இடப்பக்கம் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், நான் ஒலிப்பதிவு செய்த பெண். ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பிறந்தவள், கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை, வயது இருபத்துமூன்று. அவள் எழுதிப் பாடிய முதல் பாட்டு கொண்டக்டரின் கையில், பென் டிரைவில் இருந்தது.

பஸ் முதலாளி திகனக்காரர். தானே ஓட்டுவார். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மேடை ஏறும் இசைக்குழு ஒன்றும் அவருடையது. புதிதாகப் பாட வருபவர்களை அவர் ஒத்திகைக்குக் கூப்பிடுவதில்லை. பாட்டைப் பஸ்ஸில் போடச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் சனத்தின் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான் தேர்வு. தேறினால் அவளுக்கு ஒரு வருடம் மேடை. தேறாவிட்டால் குவைத்தில் வீட்டு வேலை. ஏஜென்சியில் பத்திரங்கள் கொடுத்தாயிற்று.

நாற்பத்தாறு வருடமாகப் பாட்டுப் பதிவு செய்கிறேன். புதிய பாட்டுகளைப் பற்றிய என் அபிப்பிராயத்தை நான் ஒளித்ததில்லை. அந்த வருடம் வந்தவற்றில் அறுபத்துமூன்றைக் கொப்பியில் குறித்துக்கொண்டு கேட்டிருந்தேன். நாற்பத்தெட்டில் ஐந்து வினாடிக்குள் குரல் வந்துவிடுகிறது. ஐம்பத்தொன்று மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. இருபத்திரண்டு பாட்டில் ஒரே கைதட்டல். எவரோ எங்கோ ஒருமுறை தட்டியதைக் கணினியில் இறக்கி ஆளுக்காள் ஒட்டியிருக்கிறார்கள். சுருதி திருத்தும் மென்பொருள் குரலைத் தேய்த்துத் தேய்த்து அலுமினியத் தட்டாக்கிவிடுகிறது. பாடுகிறவர் அழுகிறாரா, ரயில் நிலையத்தில் அறிவித்தல் வாசிக்கிறாரா என்று தெரியாது. ராப் பாடும் பையன்களிடம் கோபம் இருக்கிறது. ஆனால் எல்லோரிடமும் ஒரே கோபம். மடுல்கெல்லப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும், வரிகளுக்கு நடுவில் தான் மூச்சு வாங்குவதை வெட்டாமல் விட்டிருந்தான். அதை ஏழு தடவை கேட்டேன். மற்ற அறுபத்திரண்டையும் இரண்டாம் தடவை கேட்க மனம் வரவில்லை.

இந்தப் பிள்ளையின் பாட்டு அந்த அறுபத்திரண்டோடு சேரக் கூடாது என்று நினைத்தேன். முகப்பிசை எழுதினேன். வயலின், புல்லாங்குழல். நாற்பது வினாடி அவை மட்டும். நாற்பத்தோராவதில் அவள் குரல்.

ஒலிப்பதிவன்றே அவள் சொன்னாள்: “சேர், நேரா பாட்டுலயே தொடங்கிருவோமா? பஸ்ல யாரு சேர் அவ்வளவு நேரம் பொறுப்பாங்க?”

“செருப்பக் கழட்டிட்டுத்தானம்மா வீட்டுக்குள்ள வரணும்?”

“செருப்பு கழட்ட நாப்பது செக்கனா சேர்? பூட்ஸ் போட்டவங்களுக்குக்கூட அவ்வளவு எடுக்காது.”

சிரித்தேன். விட்டுக்கொடுக்கவில்லை.

பஸ் தென்னக்கும்புரப் பாலத்தைத் தாண்டியபோது, நான் வெறுக்கும் ரகத்தில் இரண்டு பாட்டுகள் ஓடி முடிந்திருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிக்கு வரி வாயசைத்தார்கள். மரக்கறிப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் அதன் மேலேயே தாளம் போட்டார். பிறகு எங்கள் பாட்டு.

வயலின் தொடங்கியது. பத்து வினாடி ஒருவரும் பேசவில்லை. பதினேழில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். இருபத்துநாலில் பின்னாலிருந்து ஒருவர், “மல்லி, மே மளகெதரக்த?” என்று கத்தினார். தம்பி, இது இழவு வீடா என்று கேட்கிறார். பஸ் முழுக்கச் சிரிப்பு. இருபத்தொன்பதில் கொண்டக்டர் அடுத்த பாட்டுக்குத் தாவினான்.

எழுந்து நின்றேன். “தம்பி, இன்னும் பன்னெண்டு செக்கன் விடுங்க. பாட்டே அங்கதான்.”

“சனம் ஏசுது ஐயா. குந்துங்க, வளைவு வருது.”

அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

திகனவில் இறங்கியதும் முதலாளியிடம் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“குத்தம் நெனைக்க வாணாம் மாஸ்டர். பாட்டு எங்க இரிக்கி? புள்ளட கொரல் எனக்குக் கேக்கவே இல்லயே.”

“முன்னுக்கு இருக்கறத வெட்டிட்டு நாளைக்கே கொண்டு வாறேன்.”

“இன்னக்கித்தான் கடைசி நாள். நேத்து பாட்டுக் கொண்டு வந்த மத்தப் புள்ளக்கி நான் பதில் சொல்லோணும். அந்தப் புள்ள பாட்டு போட்டதும் ரெண்டு பேரு கொண்டக்டர்ட்ட பேர் கேட்டாங்க. நான் என்ன செய்ய?”

திரும்பி வரும் பஸ்ஸில் அவள்தான் முதலில் பேசினாள். “எண்ணிக்கிட்டுத்தானே இருந்தீங்க சேர்? எத்தன?”

“இருபத்தொம்பது.”

“நான் முப்பதுன்னு நெனச்சேன்.” ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, “வியாழக்கிழம குவைத்துக்கு மெடிக்கல் சேர். அதுக்கு லீவு கேட்டா கடையில சம்பளம் வெட்டுவாங்க,” என்றாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று பிற்பகல் முகப்பிசையை வெட்டினேன். நான்கு நிமிட வேலை. இரண்டாவது வினாடியில் அவள் குரல் வந்தது. தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸுக்கு ஓடிவரும் பெண்ணைப் பற்றிய பாட்டு அது. அந்தப் பெண் நாற்பது வினாடி நின்றுவிட்டா ஓடுவாள்? வெட்டிய பிறகுதான் பாட்டு சரியாக இருந்தது. கேட்பதற்கு அந்த அறுபத்திரண்டில் ஒன்றைப் போலவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருப்பதை என்னால் எந்தப் பக்கமும் தீர்க்க முடியவில்லை. அந்தப் பாட்டுகள் இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யாராவது அபிப்பிராயம் கேட்டால் இப்போது வாய் வருவதில்லை.

அவள் டிசம்பரில் குவைத் போனாள். வெட்டிய பாட்டை இணையத்தில் ஏற்றினேன். இருநூற்றுப் பதினான்கு தடவை கேட்கப்பட்டதாகக் காட்டுகிறது. அதில் முப்பத்தொன்று நான்.

ஒலிப்பதிவுக்கு அவள் கட்டியதை, போகுமுன் திருப்பிக் கொடுத்தேன்: இருபதாயிரம். வயலின்காரருக்கு என் கையிலிருந்து பன்னிரண்டாயிரம், புல்லாங்குழலுக்கு எட்டாயிரம். முதலாளி வேண்டாமென்றும் கேட்காமல் எடுத்த பஸ் டிக்கட் நான்கு, முந்நூற்று இருபது. மொத்தம் நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய்.