பின்பாரம்

எங்கள் குதிரை பருவத்திற்கு வரும் நாள்களையெல்லாம், செத்துப்போன ஒருவன் வண்டியேறும் நாள்கள் என்று ஊரார் சொன்னார்கள். நான் மறுத்தேன். பேய் இல்லை என்று கல்லூரி மேடையில் வாதிட்டுக் கோப்பை வென்றவள் நான். என் வாதம் அன்றும் சரி, இன்றும் சரி. ஆயினும் அந்த வண்டியின் பின்பக்கத்தை நான் இன்றுவரை பார்க்க விரும்பாமலே பார்க்கிறேன்.

அப்பா திருவாரூர் ரயிலடியில் குதிரைவண்டி ஓட்டினார். குதிரை செவலை நிறப் பெண்குதிரை. அந்தத் தை மாதம், அறுவடைக் கூலிக்கு நெல் கூட்டிக் கேட்டு வயலாள்கள் கதிர்க்கட்டுக் கட்டாமல் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆள்களை இறக்கினார். ஆட்சி, உழுபவனுக்கே நிலம் என்று நான் மேடைதோறும் பேசிய எங்கள் கொள்கையின் ஆட்சி. சுவர்களில் எங்கள் நிறம். களத்துமேட்டில் மட்டும் பழைய அரிவாளே பேசியது. வெட்டுப்பட்ட வயலாள் ஒருவரை, அவ்வழியே வெறும் வண்டியோடு வந்த அப்பா ஏற்றிக்கொண்டார். வண்டியின் பின்கடையில், வைக்கோல்மேல் கிடத்தினார். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் ஒன்று அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அப்பா வைக்கோலை மாற்றினார். பலகையை ஆற்றில் இறக்கித் தேய்த்தார். வண்டி மறுபடி ஓடியது.

பங்குனி வெயில் ஏறியதும் குதிரை பருவத்திற்கு வந்தது. முன்பும் வந்ததுதான், ஓரிரு நாள் சிடுசிடுப்போடு அடங்கிவிடும். இம்முறை அப்படியில்லை. காதுகளைப் பின்னுக்கு மடித்துக் கீச்சிட்டது. வாலைத் தூக்கி நின்ற இடத்திலேயே சிறுநீர் பீச்சியது. வண்டியின் ஏர்க்காலை உதைத்தது. கமலாலயக் குளக்கரையில் ஒரு குடும்பமே அலறிக்கொண்டு குதித்து இறங்கியது. சில வாரங்கள் கழித்து மறுபடி அதே கூத்து. வண்டி ஸ்டாண்டில் பேச்சு கிளம்பிவிட்டது.

"ஏறிட்டான்யா அவன். பாரு, வால் தூக்குது."

"டிக்கெட் எடுக்காம வர்றான்ணே, எறக்கி விடுங்க!"

சிரித்தவர்கள் சிரித்தார்கள், சவாரி செய்பவர்கள் அடுத்த வண்டிக்குப் போனார்கள். நாகூரிலிருந்து ஒரு தரகர் வந்து குதிரையின் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார். பாரவண்டிக்குக் கேட்டார். பாரவண்டிக்குப் போன குதிரை எப்படித் திரும்பும் என்பது எங்களுக்குத் தெரியும், அது திரும்புவதேயில்லை.

"வித்துட்டா என்னப்பா பண்ணுவீங்க?"

"மூட்டை தூக்குவேன். வேறென்ன பாப்பா?" என்றார் அப்பா. அடுத்த பருவம் வரைக்கும் பொறுக்கும்படி தரகரிடம் தவணை வாங்கியிருந்தார்.

மாட்டாஸ்பத்திரிக்கு நானும் உடன் போனேன். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு, மகள் அருகில் நிற்கிறாளே என்று அப்பா தலைப்பாகையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். "பருவத்துக்கு வர்றப்பதாங்க இப்படிப் பண்ணுது" என்று நான்தான் சொன்னேன். சொல்லக் கூசும் சொல் என்று ஒன்று இருப்பதாக எந்த மேடையும் எனக்குக் கற்பிக்கவில்லை.

டாக்டர் குதிரையின் இடுப்பை அழுத்தினார். குதிரை முதுகை நெளித்துத் தாழ்ந்தது. "பேயும் இல்ல, பிசாசும் இல்லங்க. உள்ள சூலகம் பெருத்திருக்கு. அந்த நாலஞ்சு நாளு இடுப்பெல்லாம் நோவு இருக்கும். வயித்துப் பட்டைய இறுக்காதீங்க. ஆண்குதிரை கிட்ட நிறுத்தாதீங்க. முதுகுல பாரம் ஏறாம பாத்துக்குங்க. அடிக்கவே அடிக்காதீங்க."

அடுத்த முறை, முதல் கீச்சொலி கேட்டதுமே தொடங்கினோம். கொள்ளுத் தீனியைக் குறைத்து அருகம்புல் கொடுத்தோம். உச்சிவெயிலில் இடுப்பின்மேல் ஈரச்சாக்கு போட்டோம். பட்டையைத் தளர்த்தினோம். ஸ்டாண்டின் கடைசியில், பூவரச மரத்தடிக்கு வண்டியை ஒதுக்கினோம். மற்ற வண்டிக்காரர்களின் ஆண்குதிரைகளுக்கு வாடை தெரியாதிருக்க அவற்றின் மூக்கில் கொஞ்சம் தைலம் தடவச் சொன்னேன்.

"தைலமா? எங்குதிரை என்ன சளி புடிச்ச மாப்பிள்ளையா, தலைவரே?"

'தலைவரே' என்பது நான் மேடையேறிய நாள்முதல் அவர்கள் எனக்குச் சூட்டிய கேலி. நான் அதைப் பட்டமாகவே ஏற்றிருந்தேன்.

கொட்டிலில் குதிரை அடங்கிற்று. என் கையிலிருந்து புல் வாங்கித் தின்றது. வண்டியில் பூட்டி ஆள் ஏறியதும் மறுபடி கீச்சிட்டு உதைத்தது. அப்போது ஸ்டாண்டின் மூத்த வண்டிக்காரர் ஒருவர், கேலியே இல்லாமல், தணிந்த குரலில் சொன்னார்:

"வீட்டுல சும்மா நிக்குது. பூட்டினா ஆடுது. அப்ப அவன் குதிரை மேல இல்லம்மா. வண்டியிலதான இருக்கான்?"

எந்த நடுவர் முன்னும் செய்வதுபோல ஓட்டை தேடினேன். அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. குதிரையின் நோவு உடம்பில் இருக்கிறது. அதைக் கிளறுவது வண்டியில் இருக்கிறது. பேய் என்ற சொல்லை நீக்கிவிட்டால் அவர் சொன்னது முழு உண்மை.

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் வண்டியோடு நடந்தேன். தெற்கு வீதிக்குப் போகும் குடும்பம் ஒன்று துணிந்து ஏறியிருந்தது. கணவன், மனைவி, மாமியார், மடியில் குழந்தை. எல்லாரும் அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு முன்னால் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்கடை வெறுமையாக இருந்தது. அங்கே போட்ட வைக்கோல் நசுங்காமல் புதிதாகவே கிடந்தது.

குதிரைவண்டியில் ஏறியவர் எவரும் அறிந்த செய்தி இது: பாரம் முன்னால் மிகுந்தால் ஏர்க்கால் தாழ்ந்து சேணம் குதிரையின் முதுகில் அழுந்தும், பின்னால் மிகுந்தால் ஏர்க்கால் தூக்கும். ஆகவே ஆளுக்கொரு இடம் காட்டி, "பின்னாடி தள்ளி ஒக்காருங்க" என்பது வண்டிக்காரர்களின் மூச்சு. தை மாதத்திலிருந்து அப்பா அதைச் சொல்வதில்லை. ஒரு வயலாள் இரத்தம் சிந்திய இடத்தில் உட்காருங்கள் என்று யாரிடம் சொல்வார்? முன்பெல்லாம் அந்தப் பின்கடை வயலாள்களுக்கு விட்ட இடம். காலைத் தொங்கவிட்டு ஓரமாக வருவார்கள். இப்போது அவர்களும் ஏறுவதில்லை. அந்தக் காலியிடம் எங்கும் போய்விடவில்லை. நோவெடுத்த நாள்களில் அது முழுவதும் குதிரையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஸ்டாண்டுக்குத் திரும்பியதும் அனைவர் முன்னிலையிலும் கேட்டேன்: "நீங்கள் அஞ்சுவது பேய்க்கா, தீட்டுக்கா? வெட்டுப்பட்டவர் மிராசுதாராக இருந்திருந்தால் அந்த இடத்திற்கு மாலை போட்டிருப்பீர்கள் அல்லவா?"

"ரெண்டுக்குந்தான் தலைவரே. பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ ஒக்காரேன், பாப்போம்."

தரகர் டீக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்து, அவசரமாய்ப் போக வேண்டிய இரண்டு பேர் முன்னால் ஏறிக்கொண்டார்கள். நான் பின்கடையில் ஏறி உட்கார்ந்தேன். ஏர்க்கால் மெல்ல உயர்ந்தது. குதிரையின் காதுகள் முன்னுக்கு வந்தன. கீச்சொலி இல்லை, உதை இல்லை. ஸ்டாண்டில் யாரும் கைதட்டவில்லை. நான் கைதட்டலை எதிர்பார்த்திருந்தேன்.

கேட் அடைத்திருந்தது.

முன்னால் இருந்தவர்கள் ரயிலைப் பற்றி ஏதோ பேசினார்கள். எனக்குக் கீழே வைக்கோல் சிறிது சிறிதாக அமுங்கிக்கொண்டேயிருந்தது. என் எடை நான் உட்கார்ந்தபோதே அமுங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அமுங்கியது. வைக்கோலின் இயல்பு அது என்று எனக்கு நானே எடுத்துரைத்தேன். அந்த மனிதர் கடைசியாகக் கண்டது இந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டையாகவே இருந்திருக்கும். நிலத்தைப் பற்றி நான் பேசிய எந்தப் பேச்சும் அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. நான் இறங்கவில்லை. வைக்கோல் அமுங்கிய பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

தரகர் அன்றைய ரயிலிலேயே ஊர் திரும்பினார். குதிரை எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் புல்லும் ஈரச்சாக்கும் தளர்ந்த பட்டையும் உண்டு. எனக்குக் கல்லூரி உண்டு என்பதால், அந்த நாள்களில் அப்பா பின்கடையில் ஆற்று மணல் மூட்டை ஒன்றை ஏற்றுகிறார். குதிரை அடங்கி ஓடுகிறது. சவாரிகள் வந்துவிட்டார்கள், ஏறும்போது மூட்டையின்மேல் கால் படாமல் ஏறுகிறார்கள்.

சாயங்காலம் அப்பா அதைத் தனியாகவே இறக்குகிறார். மார்போடு அணைத்து, முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் தரையில் வைக்கிறார்.

"மணல்தானப்பா, கீழ போடுங்களேன். இடுப்பு புடிச்சுக்கப் போவுது."

"போடலாந்தான் பாப்பா" என்கிறார். போட்டதில்லை.