இருளாயி அழிக்க விடாத டிஸ்க்

இருளாயி பிறந்தது சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில். பதினஞ்சு வயதில் பால் வெட்டப் போனாள். எழுபதுகளின் தொடக்கத்தில் எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. பகலில் துணி ஃபேக்டரி, சாயங்காலம் டைப்பிங் வகுப்பு என்று சில வருஷம் ஓட்டிவிட்டு, வக்கீல் சின்னையாவிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் “பாக்கலாம்லா” என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எண்பத்தெட்டில் சின்னையா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அந்த வருஷம்தான் இன்னொரு எஸ்டேட் சனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். நிலத்தை வாங்கியவர்கள் லயத்தை இடிக்கப் போவதாக நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கியது இருளாயிதான். அவர்கள் சொல்லச் சொல்ல நேரே கம்ப்யூட்டரில் தட்டினாள். ராக்காயி என்ற கிழவி, தான் எந்த வீட்டில் பிறந்தாள், எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று லயத்தின் வீடுகளை வரிசையாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் மகனோடு பாகான் டத்தோவுக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்திருந்தார்கள். பிரிண்டர் ரிப்பேரில் கிடந்ததால் ஒன்றையும் தாளில் எடுக்கவில்லை.

ஆபீசுக்குப் புதிதாக இன்னொரு வக்கீல் வரப்போவதாகப் பேச்சு. ஹார்ட் டிஸ்க் இரண்டு பங்காகப் பிரிந்திருந்தது. வேலையெல்லாம் முதல் பங்கில், இரண்டாவது சும்மா கிடந்தது. அதை அவருக்கு ஒதுக்கிவைக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை இருளாயி பங்கு பிரிக்கும் புரோக்ராமைத் திறந்தாள். எந்தப் பங்கிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டும் என்று அது கேட்டது. எந்தப் பங்கில் வேலை செய்யப் போகிறாய் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு என்று அழுத்தினாள். மெஷினை அணைத்துப் போட்டபோது திரை கறுத்துப்போய், சிஸ்டம் இல்லை என்று ஒரே வரி இங்கிலீஷில் வந்து நின்றது. மறுபடி போட்டாள். அதே வரி.

கம்ப்யூட்டர் கடையிலிருந்து சீனி வந்து பார்த்தான். அந்த மெஷினை விற்றவனும் அவன்தான்.

“இது படுத்துருச்சுக்கா. ஃபார்மெட் போட்டு எல்லாத்தையும் புதுசா ஏத்திரலாம்.”

“உள்ள இருக்கறது?”

“போனது போனதுதான். திங்கக்கிழமைக்கு மெஷின் ஓடணுமா வேணாமா?”

அவன் கை பிளாப்பியோடு மெஷினை நோக்கிப் போனது. இருளாயி கையை நீட்டி மறித்தாள்.

“தொடாதே சீனி. நான் ஒரு ஆளக் கேட்டுட்டுச் சொல்றேன்.”

சீனி தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். வாக்குமூலமெல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அது அழிந்தே போயிருந்தால் இருளாயி பாகான் டத்தோ பஸ்ஸில் ஏறி ராக்காயி முன்னால் போய் நிற்க வேண்டும். மறுபடி எல்லாத்தையும் சொல்லுங்கம்மா என்று கேட்க வாய் வருமா?

மெஷின் வாங்கிய புதிதில் போன கம்ப்யூட்டர் வகுப்பில் அவளோடு படித்த முகம்மது கௌஸ், தைப்பிங் ஊரில் அரசாங்க ஆபீசில் இருந்தார். போனில் அவர் பேசும்போது பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

“அண்ணே, பங்கு மாத்தப் போயி கெடுத்துட்டேன்.”

“அழிச்சியா, மாத்துனியா?”

“மாத்துனேன். ரெண்டுன்னு அழுத்துனேன்.”

“அப்போ பயப்படாதே தங்கச்சி. மெஷினோட வந்த சிஸ்டம் பிளாப்பிய போட்டுக் கிளப்பு. அப்புறம் சி டிரைவ்ல, அதான் மொத பங்குல, என்ன இருக்குன்னு பாரு.”

பிளாப்பி கரகரவென்று சுற்றியது. திரையில் வாக்குமூலம் கொடுத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. ராக்காயி பெயரும் இருந்தது. இருளாயி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பெயர்களை எண்ணத் தொடங்கினாள்.

“இருக்கா?”

“இருக்குண்ணே.”

“மொதல்ல எல்லாத்தையும் வேற பிளாப்பிக்கு எடு. அதுக்கு முந்தி வேற எதையும் தொடாதே. எடுத்தப்புறம் அதே புரோக்ராம்ல போயி ஒண்ணுன்னு அழுத்து.”

பிளாப்பி மாற்றி மாற்றி எடுத்ததில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் செருகினாள். கடைசியில் ஒன்று என்று அழுத்தி, மெஷினை அணைத்துப் போட்டாள். எப்போதும்போல அது கிளம்பியது.

திங்கட்கிழமை சின்னையாவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாம் சரியாயிருச்சே. சொல்லாமலே விட்டிருக்கலாம்லா?”

“நாளைக்கு வேற யாராச்சும் இதையே செஞ்சா, ஃபார்மெட் போடச் சொல்லுவாங்க சார். அதான் சொன்னேன்.”

மெஷினை நோண்டியதற்காக அவர் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் அந்த வாரமே பிரிண்டரை ரிப்பேர் செய்து வாங்கி வந்தார்.

வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை, சமாதானத்தில் முடிந்தது. லயம் இடிபட்டது. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு வீட்டுமனை கொடுத்தார்கள். ராக்காயி தன் மனையில் வீடு கட்டவில்லை. மரவள்ளி நட்டுவைத்து, பாகான் டத்தோவிலிருந்து வரும்போதெல்லாம் ஆபீசுக்கு நாலு கிழங்கு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவாள்.