நடுவில் நிற்க ஆளில்லை

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இன்றும் மலேசியாவில் கோலா பிலா பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிப் பெண், வேலையாட்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கட்டும் என்று ஒரு வலைப்பூ தொடங்கினாள். முதல் பாடம், கைப்பேசியில் படம் எடுப்பது. எஸ்டேட்டில் என்னைப்போல் படம் எடுக்க ஆளில்லை. ஆகவே பாடம் என்னுடையது.

மாதிரிப் படத்துக்கு, எங்களை வேலை வாங்கும் மண்டோரையும் உரம் போடும் இரண்டு பெண்களையும் நிறுத்தினேன்.

"நடுவுல நாந்தான்" என்று மண்டோர் மீசையைத் தடவினார்.

"நில்லு தம்பி. மூணு பேரா எடுத்தா நடுவுல நிக்கிறவனுக்கு ஆயுசு கம்மியாம். ஒனக்கென்ன, தைரியசாலி!"

"அதெல்லாம் சும்மாலா, பாட்டி" என்றவர் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தார். இப்போது நடுவில் மாட்டிய பெண்ணும் நகர்ந்தாள். மூவரும் மாறி மாறி இடம் பெயர்ந்ததில் வெயிலே சாய்ந்துவிட்டது.

"இன்னிக்கே படம் போடணும் பாட்டி!" என்று கிராணி தவித்தாள்.

கடைசியில் மண்டோரே ஓடிப்போய் ஓர் ஆட்டை இழுத்துவந்து நாலாவது ஆளாக நிறுத்தினார். படத்தில் அவர் கண்ணை மூடியிருந்தார். ஆடு மட்டும் கேமராவை நேராகப் பார்த்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் நான் சொல்லச் சொல்ல, என் பேத்தி பாடத்தைத் தட்டினாள்: "வெளிச்சம் முகத்தில் விழும்படி ஆட்களை நிறுத்துங்கள். மூவராக நிறுத்தாதீர்கள். ஆள் குறைந்தால் ஆடு போதும்."

பாடத்திலிருந்து ஆட்டை எடுத்துவிடும்படி மண்டோர் பேத்தியிடம் தனியாகக் கெஞ்சினாராம்.

"எங்கடி, முழுசாப் படி. ஆடு இருக்கான்னு பாக்கணும்."